ஏழு பேனல்களும் என் நாத்தனாரும்

எங்கள் பட்டறையில் செய்யும் எந்த மின்சாரப் பேனலும் என் கையெழுத்து இல்லாமல் லாரி ஏறாது. பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. மற்றவர்கள் வயர் இழுப்பார்கள், திருகு முடுக்குவார்கள், கதவு மாட்டுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு நான் வந்து குறை சொல்வேன். குறை சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? என் வாய்க்கென்றே தைத்து வைத்த வேலை என்று என் கணவர் சொல்வார். பட்டறையில் எனக்கு டெஸ்ட் அக்கா என்று பெயர்.

நாங்கள் செய்வது குடிநீர் நிலையங்களுக்கும் கழிவுநீர் நிலையங்களுக்கும் போகிற சாஃப்ட் ஸ்டார்ட்டர் பேனல்கள். பெரிய மோட்டாரைப் பட்டென்று ஓடவிட்டால் அது மின்சாரத்தை ஒரே வாயில் விழுங்கும். சுற்றுவட்டாரத்தில் விளக்கெல்லாம் மங்கும், குழாய் அதிர்ந்து இணைப்பு விட்டுப்போகும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, பத்துப் பன்னிரண்டு விநாடியில் மோட்டாரை முழு வேகத்துக்குக் கொண்டுவரும். நிறுத்தும்போதும் அதே நிதானம். அந்த நிதானத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்காது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி என் மேசைக்கே வந்து நின்றார். அவர் ஆளைக் கூப்பிட்டு அனுப்புகிறவரே தவிர, எழுந்து வருகிறவர் அல்ல. போன மாதம் அனுப்பிய ஏழு பேனல்களில் ஒன்று கழிவுநீர் நிலையத்தில் மாட்டியிருக்கிறதாம். போன வெள்ளிக்கிழமை அங்கே மோட்டார் எரிந்துவிட்டதாம். பேனல் ஓவர்லோடு என்று சொல்லி மோட்டாரை நிறுத்தியும், ஆபரேட்டர் மூன்று தடவை ரீசெட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார். புதன்கிழமை மூன்று மணிக்கு விசாரணை.

"நாளைக்குப் போய் ஒரு பார்வை பார்த்துட்டு வாம்மா. நம்ம பேனல்ல தப்பில்லைன்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா போதும்" என்றார்.

எந்த நிலையம் என்று கேட்டேன். அவர் சொன்னார். அந்த நிலையத்தில் பகல் நேரத்துக்கு ஒரே ஆபரேட்டர்தான். என் கணவரின் தங்கை.

என் நாத்தனார் முப்பத்தைந்து வயதில், தன் பிள்ளை வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்தவள். நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியல் இந்த மாதம்தான் தயாராகிறது, அதில் அவள் பெயர் இருக்கிறது. விசாரணையில் அவள் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் பட்டியலிலிருந்து மட்டுமல்ல, வேலையிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள்.

எனக்கும் அவளுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காரணம் என் வாய்க்கொழுப்பு. வீடு நிறைய உறவினர் உட்கார்ந்திருந்தபோது, "பட்டன் அமுக்கறதுக்கு ஒரு சம்பளம், குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தும்விட்டார்கள், அதுதான் வினை. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், "வாங்க அண்ணி, நல்லா இருக்கீங்களா அண்ணி" என்று அளந்து வைத்த மரியாதை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி இரண்டு நாளில் முடித்திருப்பேன். மரியாதையை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நிலையத்துக்குப் போனேன். நாற்றம் ஒரு தெரு முன்னாலேயே வரவேற்றது. எரிந்த மோட்டாரை வெளியே எடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே வாடகைக்கு வந்த பம்ப் ஒன்று இருமிக்கொண்டு ஓடியது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு என் நாத்தனார் வாசலில் நின்றாள்.

"வாங்க அண்ணி" என்றாள். வேறெதுவும் சொல்லாமல் பதிவேட்டை நீட்டினாள்.

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. காலை பத்து பத்துக்கு மோட்டார் ஓவர்லோடு என்று நின்றிருக்கிறது. பத்து நிமிடம் ஆறவிட்டு ரீசெட். மறுபடியும் நின்றிருக்கிறது. மறுபடியும் ஆறவிட்டிருக்கிறாள். இரண்டாவது ரீசெட்டிலும் நின்றிருக்கிறது. மூன்றாவது ரீசெட்டில் புகை. பக்கத்தில் தொட்டியில் கழிவுநீர் எவ்வளவு ஏறியிருந்தது என்றும் ஒவ்வொரு வரியிலும் குறித்திருந்தாள். ஏன் மூன்று தடவை என்று கேட்டேன். கழிவுநீரில் துணியும் பையும் வந்து பம்பில் சிக்குவது வாரத்தில் இரண்டு நாள் நடப்பதுதான், அப்போதெல்லாம் திரையில் ஓவர்லோடு என்றுதான் வரும், இரண்டு மூன்று தடவை ஓடவிட்டால் சிக்கியது தானாக வெளியேறிவிடும் என்றாள். இன்னொரு பம்பைப் பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தொட்டி நிரம்பினால் பள்ளத்தில் இருக்கிற தெருவில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் விடாமல் முயற்சி செய்திருக்கிறாள். நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மோட்டாருக்குப் போகிற மூன்று ஃபேஸில் ஒன்றின் ஃபியூஸ் போயிருந்ததாம். மோட்டார் எரிந்ததால் ஃபியூஸ் போயிற்று என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

பேனல் கதவைத் திறந்து, சாஃப்ட் ஸ்டார்ட்டரின் சின்னத் திரையில் ஒவ்வொரு அமைப்பாகத் தள்ளிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவதில் விரல் நின்றுவிட்டது. ஃபேஸ் இழப்புப் பாதுகாப்பு: ஆஃப்.

அதை ஆஃப் செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.

பட்டறையில் எண்பது குதிரைத்திறன் மோட்டாரை எங்கே கொண்டுபோய் வைப்பது? மோட்டாருக்குப் பதிலாக மூன்று குண்டு பல்புகளைக் கட்டித்தான் சோதிப்போம். ஃபேஸுக்கு ஒன்று. மூன்றும் மெல்ல மெல்லப் பிரகாசமாகி ஒன்றுபோல எரிந்தால் பேனல் நல்லது. ஆனால் பல்பு இழுக்கிற மின்சாரம் கொசுக்கடி மாதிரி. அதைப் பார்த்ததும் சாஃப்ட் ஸ்டார்ட்டர், ஃபேஸ் எதுவுமே வரவில்லை என்று நினைத்து ஓட மறுத்துவிடும். அதனால் அந்தப் பாதுகாப்பை ஆஃப் செய்துவிட்டுச் சோதிப்போம், முடிந்ததும் ஆன் செய்வோம். அன்றைக்கு லாரி வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏழு பேனலிலும் மொத்தமாக ஆஃப் செய்துகொண்டே போனேன். திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக ஆன் செய்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன். கடைசியில் சோதனைத் தாளில் ஏழு கட்டத்துக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் இழுத்தேன். அந்தக் கோட்டை இழுக்கிற வேகத்தில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

இப்போது எல்லாம் விளங்கியது. ஃபியூஸ் முதலில் போயிருக்கிறது. இரண்டு ஃபேஸில் மோட்டார் முக்கி முனகி, சூடேறி, ஓவர்லோடில் நின்றிருக்கிறது. பாதுகாப்பு ஆன் ஆகியிருந்தால் மூன்று விநாடியில் நிறுத்தி, ஃபேஸ் இல்லை என்று திரையில் சொல்லியிருக்கும். என் நாத்தனார் ரீசெட் பக்கமே போயிருக்க மாட்டாள், ஃபியூஸைத்தான் பார்த்திருப்பாள். பேனல் அவளிடம் பொய் சொல்லியிருக்கிறது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலே நாலு பட்டன். ஆஃப் என்று இருந்ததை ஆன் ஆக்கினேன். எப்படியும் ஆன் ஆக்கத்தானே வேண்டும், புது மோட்டார் வந்தால் ஆபத்தில்லையா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் பண்ணியது அதுவல்ல என்று எனக்கே தெரிந்திருந்தது.

இரண்டடி பின்னால் நின்ற என் நாத்தனார், "பேனல் சரியா இருக்கா அண்ணி?" என்று கேட்டாள்.

"பார்த்து எழுதறேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அவளுக்கு வேலை போய்விடாதே? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் என்ன நீதிபதியா, என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனார். மனிதர் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் முதலாளி தட்டச்சு செய்த கடிதத்தை என் முன்னால் வைத்தார். பேனல் எல்லா வகையிலும் சரியாக இருந்தது என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்று மணிக்கு அங்கேயே போட்டுத் தருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மீதி ஆறு பேனல்கள்? ஒன்றை மறந்தவள் இன்னொன்றை மறந்திருக்க மாட்டேன் என்று என்ன நிச்சயம்? அவை மூன்று நிலையங்களில் பூட்டிய அறைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலையங்களுக்குப் பொறுப்பான பொறியாளரின் அனுமதி இல்லாமல் யாரும் கதவைத் தொட முடியாது. எதற்காகத் திறக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வாயை மூடிக்கொண்டால் நாத்தனாருக்கு வேலை போகும், அதோடு இன்னும் எத்தனை மோட்டார் எரியும் என்றும் தெரியாது. நாக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு பிறந்தவள் நான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த நாக்கு அசையாமல் கிடந்தது.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். பொறியாளர் ஐம்பது வயது அம்மாள், பேனாவை மூடாமல் பேசுகிறவர். ஒரு பக்கம் முதலாளியும் நானும். நாற்காலி இருந்தும் என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். பூட்ஸ் இல்லாமல் செருப்போடு அவளைப் பார்க்க ஆள் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

பொறியாளர் பதிவேட்டை வாசித்தார். ஒரு தடவை ரீசெட் பண்ணியது சரி, மூன்று தடவையா என்று கேட்டார். திரையில் ஓவர்லோடு என்றுதான் வந்தது, துணி சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன் என்றாள் என் நாத்தனார். தொட்டி நிரம்பிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். கெஞ்சவில்லை, குரல் தழுதழுக்கவில்லை. பொறியாளர் ஏதோ எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, கடிதத்தைக் கேட்டார்.

பையைத் திறந்தேன். கடிதம் கையில் வந்தது. முதலாளி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியே நீட்டினார்.

"இந்த லெட்டர்ல இருக்கறது உண்மையில்லைங்க மேடம்" என்றேன். அது யாரோ பேசுவது போல எனக்கே கேட்டது. "ஃபேஸ் பாதுகாப்பை டெஸ்ட் பண்றப்ப நான் ஆஃப் பண்ணினேன். திரும்ப ஆன் பண்ண மறந்துட்டேன். அதனாலதான் திரையில தப்பா வந்துச்சு. இவ செஞ்சது சரி. நேத்துப் போனப்ப யாருக்கும் சொல்லாம நானே ஆன் பண்ணிட்டு வந்துட்டேன். அதுவும் தப்புதான்."

முதலாளி கையில் பேனா அப்படியே நின்றது. பொறியாளர் முதல் முறையாகத் தன் பேனாவை மூடினார். நேற்று மாற்றியதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். சாஃப்ட் ஸ்டார்ட்டரின் நினைவில் தேதியும் நேரமும் இருக்கும், நானே எடுத்துக் காட்டுகிறேன் என்றேன்.

"அவ்வளவு தூரம் போக வேண்டாம் மேடம்" என்றாள் என் நாத்தனார்.

அவள் கையில் போன் இருந்தது. திரையைத் திருப்பி மேசை மேல் வைத்தாள். படத்தில் அந்தப் பேனல், பன்னிரண்டாவது அமைப்பு, ஆஃப். மோட்டார் எரிந்த அன்று மாலை நாலு இருபதுக்கு எடுத்தது.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டியிருந்தால், அதற்கு அடுத்த நிமிடம் இந்தப் படம் மேசைக்கு வந்திருக்கும்.

இதை ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று பொறியாளர் அதட்டினார்.

"காட்டத்தான் வந்தேன் மேடம். இவங்க சொல்லலைன்னா காட்டியிருப்பேன், விட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேராக. "நான் காட்டியிருந்தா அண்ணி மாட்டிக்கிட்டவங்க. அவங்களே சொன்னா, தப்பை ஒத்துக்கிட்டவங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் அந்த வாய்ப்பைக் குடுப்போம்னு இருந்தேன்."

அழுகை எனக்குச் சுலபமாக வராது. அன்றைக்கு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று பொறியாளர் எழுதினார். அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார். பட்டியலில் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும் என்றார். மோட்டாருக்கு எங்கள் பட்டறைதான் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுதினார். வெளியே வந்ததும் முதலாளி என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்று முதல் ஆறு மாதத்துக்கு என் கையெழுத்து மட்டும் செல்லாது, பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்றார். டிக் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பேனலுக்கும் முன்னால் நின்று போட வேண்டும். சரி என்றேன். வேலை போகாததே பெரிய விஷயம்.

மீதி ஆறு பேனல்களை இன்றே பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, பொறியாளர் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார். தன் ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். யார் என்று அவர் சொல்வதற்குள் என் நாத்தனார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நிலையத்தில் இரண்டு பேனல், இரண்டும் ஆன். அடுத்ததிலும் இரண்டும் ஆன். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கடைசியாகப் போனது குடிநீர் நிலையம். பாதி ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் அங்கேதான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மாலை நேரத் தண்ணீருக்காக மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பேனல் ஆன்.

இரண்டாவது, ஆஃப்.

நான் அந்த மூன்றெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொல்லாமல் விட்டிருந்தால் இது இப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும், என்றைக்கோ ஒரு ஃபியூஸ் போகிறவரைக்கும்.

அங்கிருந்த ஆபரேட்டர் பெரியவர். வந்து எட்டிப் பார்த்து, என்னம்மா கோளாறு என்று கேட்டார். பேனலில் கோளாறில்லை, சோதனை பண்ணியபோது நான் மறந்தது என்று சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. என் நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இந்தத் தடவை அவள் போனை எடுக்கவில்லை.

ஆன் செய்தேன். வெறுமனே ஆன் என்று திரையில் பார்த்தால் போதாது, நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றேன். மோட்டாரை நிறுத்தினோம். அது அவசரமில்லாமல் வேகம் குறைந்து அடங்கியது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூன்று ஃபியூஸில் ஒன்றை என் நாத்தனார் உருவினாள். மறுபடி மின்சாரம் கொடுத்து ஓடவிட்டோம். மோட்டார் அசையவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் குனிந்து திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள். ஃபேஸ் இல்லை.

படித்துவிட்டு நிமிரவில்லை. "அன்னைக்கு இது எனக்கு இந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் கையே வச்சிருக்க மாட்டேன் அண்ணி. புகை வந்தப்ப நான்தான் எரிச்சுட்டேன்னு நெனச்சேன். சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

"மன்னிச்சுடு" என்றேன். மோட்டாருக்காக மட்டும் கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது.

அவள் மறுபடி மின்சாரத்தைத் துண்டித்து, ஃபியூஸைத் திரும்ப மாட்டி, பெரியவரிடம் மோட்டாரை ஓடவிடச் சொன்னாள். அது மெல்ல முனகி, வேகம் பிடித்து, தண்ணீர் குழாயில் ஏறுகிற சத்தம் கேட்டது. பதிவேட்டில் நேரம் எழுதி, நான் கையெழுத்துப் போட்டதும் பக்கத்தில் அவளும் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினாள். நான் ஏறவில்லை. என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

"ஏறுங்க அண்ணி, எங்க வீட்டுக்குப் போறோம்" என்றாள்.

"எதுக்கு?"

"நான் இன்னும் உங்களைத் திட்ட ஆரம்பிக்கவே இல்ல. ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து வச்சிருக்கேன்."

ஏறி உட்கார்ந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டு, சாப்பிட அங்கேயே வரச்சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, தெரு முனை திரும்புவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.